பசை மேல் பழி

பதினைந்து வருடம் ஓடிய காரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தால் சில நேரம் தலையில் ஏதோ உரசும். அண்ணாந்து பார்த்தால் கூரைத் துணி, மழைத்தண்ணீர் தேங்கிய பந்தல்போல வயிறு தள்ளித் தொங்கிக்கொண்டிருக்கும். ஓட்டுபவருக்குக் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி தெரியாது. ஜன்னலை இறக்கி வேகமெடுத்தால் துணி படபடவென்று அடிக்கும். கார்க்காரர் சொல்லும் காரணம் எந்த ஊரிலும் ஒன்றுதான்: "பசை விட்டுப்போச்சு." செய்யும் வைத்தியமும் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. குண்டூசி, ஸ்டேப்ளர் பின், இருபக்கமும் ஒட்டும் டேப், அதற்கும் மேலே போனால் பசையைச் சிரிஞ்சில் ஏற்றித் துணிக்குள் செலுத்துவது. இவற்றில் ஒரு கோடையைத் தாண்டி நிற்பது அபூர்வம்.

நோயையே தவறாகக் கண்டுபிடித்ததுதான் காரணம். பெரும்பாலான கார்களில் அந்தப் பசை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. செத்துப்போனது வேறொன்று.

அதை யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம். தொங்கும் துணியின் ஓரத்தை மெல்ல விலக்கி, துணியின் உள்பக்கத்தையும் மேலே இருக்கும் பலகையையும் விரலால் தடவ வேண்டும். இரண்டிலும் பழுப்பு நிறத்தில் ஒரு தூள் ஒட்டிக்கொண்டு வரும். சில கார்களில் பிசுபிசுக்கும். பொருளறிவியலில் ஒட்டு பிரிவதை இரண்டு வகையாகப் பார்ப்பார்கள். பசைக்கும் பொருளுக்கும் நடுவே உள்ள எல்லையில் பிரிந்தால் ஒரு பக்கம் சுத்தமாக இருக்கும்; அது பசையின் தோல்வி. பொருளே தனக்குள் கிழிந்தால் அதன் எச்சம் இரண்டு பக்கத்திலும் இருக்கும்; அது பொருளின் தோல்வி. கார் கூரையில் விரலில் வரும் தூள் இரண்டாவது வகைக்குச் சாட்சி. துணியின் முதுகைப் பிடித்திருந்த ஒட்டும் பிடித்தபடி இருக்கிறது. பலகையைப் பிடித்திருந்த பசையும் பிடித்தபடி இருக்கிறது. நடுவில் இருந்த நுரை மாவாகிவிட்டது.

ஆம், நடுவில் ஒரு நுரை இருக்கிறது. வெளியே தெரிவது மெல்லிய பின்னல் துணி மட்டும் என்பதால் பலருக்கு இது தெரிவதில்லை. கார் கூரையின் உள்ளமைப்பு மூன்று அடுக்கு. மேலே, தகரத்தை ஒட்டி, கூரையின் வளைவுக்கேற்ப அச்சில் அழுத்தி வார்த்த ஒரு பலகை. கண்ணாடி இழை, அழுத்திய நார், விறைப்பான நுரை என்று நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறும். கீழே, நம் கண்ணுக்குத் தெரியும் பாலியெஸ்டர் அல்லது நைலான் பின்னல் துணி. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிமனில் பாலியூரித்தேன் நுரை. பலகையின் மேடுபள்ளம் துணியில் தெரியாமல் மறைப்பது, தொட்டால் மெத்தென்று இருப்பது, சத்தத்தைக் கொஞ்சம் உறிஞ்சுவது எல்லாம் இந்த நுரையின் வேலை.

துணியையும் நுரையையும் சேர்க்கும் விதம் அழகானது. அங்கே தனியாகப் பசை கிடையாது. ஆலையில் நுரைச் சுருள் ஓடும்போது அதன் மேல்பரப்பில் எரிவாயுச் சுடர் படும்; ஒரு நொடியில் அந்தப் பரப்பு உருகிப் பிசுபிசுப்பாகும்; உடனே துணி அதன்மேல் வந்து உருளைகளுக்கு நடுவே அழுத்தப்படும். ஆறியதும் இரண்டும் ஒன்று. இந்த முறைக்குப் பாலியூரித்தேனில் 'எஸ்டர்' வகை நுரை சுலபமாக ஒத்துழைக்கும். 'ஈதர்' வகை அவ்வளவாக ஒத்துழைக்காது. ஆகவே எஸ்டர் வகை நிறையப் பயன்பட்டது. பின்னால் வரும் சிக்கலுக்கு விதை அங்கேயே விழுந்துவிட்டது.

பாலியூரித்தேன் வேதியியல் 1937-இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பேயர் என்பவரின் குழு கண்டெடுத்தது. புகழ்பெற்ற மருந்து நிறுவனத்தின் பெயரும் அவருடைய குடும்பப்பெயரும் ஒன்றுதான் என்றாலும் அவருக்கும் அந்த நிறுவனரின் குடும்பத்துக்கும் உறவில்லை. மெத்து மெத்தென்ற நுரையாக அது வணிகத்துக்கு வந்தது 1950-களில். மெத்தை, சோபா, செருப்பு அடிப்பாகம், கார் சீட் என்று ஒரே தலைமுறையில் வீட்டுக்குள் நிறைந்தது. நெடிய மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டு நிற்பதால்தான் நுரைக்கு வலு. எஸ்டர் வகையில் அந்தச் சங்கிலியின் கண்ணிகளில் எஸ்டர் பிணைப்புகள் இருக்கும். இந்தப் பிணைப்புக்குப் பகை தண்ணீர். காற்றில் ஆவியாக இருக்கும் ஈரமே போதும். ஒரு நீர் மூலக்கூறு வந்து சேர்ந்தால் பிணைப்பு அறுந்து, ஒரு முனையில் அமிலமும் மறு முனையில் ஆல்கஹாலும் உண்டாகும். உண்டான அமிலம் சும்மா இருக்காது. பக்கத்துப் பிணைப்பு அறுவதையும் வேகப்படுத்தும். அதனால்தான் பத்து வருடம் ஒன்றும் தெரியாமல் இருந்த கூரை பதினோராவது வருடம் சில மாதங்களில் மொத்தமாக இறங்கிவிடுகிறது. அழிவு மெதுவாகத் தொடங்கித் தன்னைத் தானே முடுக்கிக்கொள்கிறது.

பல வருடம் அலமாரியில் பத்திரமாக வைத்த ஷூவை ஒரு கல்யாணத்துக்காக எடுத்துப் போட்டு, மண்டப வாசலிலேயே அடிப்பாகம் பிய்ந்து நின்றவர்கள் உண்டு. அதுவும் இதே வேதிவினைதான். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவோர் பயன்படுத்தும் கருவிகளை உலகெங்கும் லட்சக்கணக்கில் திரும்ப அழைத்தது. கருவியின் சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்திருந்த எஸ்டர் வகைப் பாலியூரித்தேன் நுரை சிதைந்து, அதன் துகள்கள் மூச்சுக் குழாய்க்குள் போகக்கூடும் என்பதுதான் காரணம். இருபதாம் நூற்றாண்டின் நுரை நாற்காலிகளை வைத்திருக்கும் அருங்காட்சியகங்களும் இதே கவலையோடு வாழ்கின்றன. வெண்கலச் சிலை ஆயிரம் ஆண்டு நிற்கிறது. 1960-களின் நாற்காலி நிற்க மறுக்கிறது.

ஈரம் இருந்தாலும் வெப்பம் இல்லாவிட்டால் இந்த வினை ஆமை நடைதான். கார் கூரைக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. வன்னியம்பட்டியையே எடுத்துக்கொள்ளலாம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில், கொல்லத்திலிருந்து தென்காசி வழியாகத் திருமங்கலம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744-ஐ ஒட்டிய ஊர். மேற்கே மலை தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியைத் தடுத்துக்கொள்ளும். பங்குனி தொடங்கி மாதக்கணக்கில் வெயில். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. கார் கண்ணாடி உள்பக்கம் வேர்க்கும் அளவுக்கு ஈரம். பாலியூரித்தேன் நுரைக்கு எதிரி இரண்டு பேர் என்றால், இந்த ஊர் இருவரையும் முறைவைத்து அனுப்புகிறது.

வெயிலில் நிற்கும் காருக்குள் என்ன நடக்கிறது என்பதை அமெரிக்காவின் அரிசோனா மாகாணத்தில் அளந்திருக்கிறார்கள். 2018-இல் வெளியான ஆய்வின்படி, 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிய நாட்களில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களின் உள்காற்று சராசரியாக 47 டிகிரியைத் தொட்டது. டாஷ்போர்டு 69 டிகிரி. ஸ்டியரிங் 53. நிழலில் நின்ற கார்களில் உள்காற்று 38 டிகிரியை ஒட்டியே இருந்தது. கூரையின் நுரைக்கு நேர் மேலே இருப்பதோ வெயிலை நேராக வாங்கும் தகரம். நடுவில் அந்த மெல்லிய பலகை மட்டுமே தடுப்பு.

வேதிவினைகளுக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் மூன்று முறை இரட்டித்து எட்டு மடங்கு. நிழலில் எட்டு மணி நேரத்தில் நுரைக்கு ஏறும் வயது வெயிலில் ஒரே மணி நேரத்தில் ஏறிவிடும். காரின் நிறமும் இதில் சேரும். கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் ஒரு கறுப்புக் காரையும் ஒரு வெள்ளி நிறக் காரையும் பக்கத்தில் பக்கத்தில் வெயிலில் நிறுத்தி ஒப்பிட்டு 2011-இல் முடிவை வெளியிட்டது. கறுப்புக் காரின் கூரைத் தகரம் 25 டிகிரி வரை கூடுதலாகச் சுட்டது. உள்ளே மூச்சு விடும் உயரத்தில் காற்று 5 முதல் 6 டிகிரி கூடுதல். ஒரே வருடத்தில் வாங்கிய இரண்டு கார்களில் ஒன்றின் கூரை இறங்கி மற்றொன்று இறங்காமல் இருந்தால், அவை எங்கே நின்றன, என்ன நிறம் என்று கேட்பது வீண் கேள்வி அல்ல.

நுரை எவ்வளவு பலவீனமாகியிருக்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. துணி சதுர மீட்டருக்கு 200 கிராம் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டர் நுரை தாங்க வேண்டியது 0.02 கிராம். அதைக்கூடத் தாங்க முடியாத நிலையில்தான் கூரை தொங்கத் தொடங்குகிறது. அப்படிப்பட்ட நுரைமேல் புதுப் பசையைப் பூசினால் பசை எதைப் பிடிக்கும்? தூளைப் பிடிக்கும். தூள் பலகையை விட்டு வரும். சிரிஞ்சு வைத்தியம் தோற்பதன் முழுக் கதையும் இதுதான். போதாததற்கு, ஒரு இடத்தில் துணி விட்டதும் விசையின் கணக்கே மாறிவிடுகிறது. முழுப்பரப்பில் பரவியிருந்த பாரம் இப்போது பிரிந்த ஓரத்தின் ஒரே கோட்டில் விழுகிறது. ஜன்னல் வழியாக வரும் காற்று அந்தக் கோட்டை அடித்து அடித்து உரிக்கிறது. கூரையின் குழிவான வளைவுகளிலும் விளக்கைச் சுற்றியும் முதலில் விடுவது, அங்கே துணி எப்போதும் இழுபட்டு நிற்பதால்.

பழைய கார்களுக்கு இந்தக் கதை கிடையாது. 2014 மே மாதம் உற்பத்தி நின்ற அம்பாசிடர், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி வந்தது. அந்தக் காலத்துக் கார்களில் கூரையின் குறுக்கே இரும்புக் கம்பிகளை வில்லாக வளைத்து மாட்டி, துணியிலோ ரெக்சினிலோ அவற்றுக்கு உறை தைத்து, ஓரங்களை இழுத்துக் கட்டுவார்கள். நுரையும் இல்லை, பசையை நம்பிய பரப்பும் இல்லை. தையல் நூல் இற்றுப்போகும், கம்பி துருப்பிடிக்கும். நல்ல தையல்காரர் ஒருவர் கிடைத்தால் சரியாகிவிடும். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோவும், 1999-இல் மறைமலைநகரிலிருந்து ஐகானும் வந்த காலத்தோடு வார்ப்புப் பலகைக் கூரை தமிழ்நாட்டுச் சாலைகளில் சாதாரணமாயிற்று. வேலை வேகமாக முடியும், எடை குறைவு, தோற்றம் வழவழப்பு. எல்லா வார்ப்புக் கூரையிலும் நுரை உண்டு என்றும் நினைத்துவிடக் கூடாது. விலை குறைந்த கார்கள் பலவற்றில் இழைகளை ஊசியால் குத்தி அமுக்கிய, நுரை இல்லாத துணியே இருக்கும். பார்க்கச் சற்று ஏழ்மையாகத் தெரியும் அந்தக் கூரைதான் நம் வெயிலில் நீண்ட நாள் வாழ்கிறது.

சொந்தக் காரின் பதிவு 15 வருடம். அதற்குப்பின் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். எஞ்சின் நன்றாக இருக்கும் காரைக் கூரைத் துணிக்காகக் கழித்துவிட யாருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. சரிசெய்யும் முறை கடினமானதல்ல. பொறுமை கேட்கும் வேலை, அவ்வளவுதான்.

முதலில் பேட்டரியின் மைனஸ் இணைப்பைக் கழற்ற வேண்டும். வெயில்மறைப்பு, கைப்பிடி, உள்விளக்கு, கண்ணாடி ஓரத்துத் தூண்களின் பிளாஸ்டிக் மூடிகள், கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் எல்லாம் கழன்றபின் பலகை தளர்ந்து இறங்கும். சீட்டுகளைச் சாய்த்து அதை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு முறை மடங்கிவிட்டால் அந்த மடிப்பு புதுத் துணியிலும் தெரியும்.

அடுத்து வருவதுதான் வேலையின் உயிர். பழைய துணியை உரித்ததும் பலகையில் அப்பியிருக்கும் நுரைத்தூளை நைலான் பிரஷ்ஷால் முழுவதும் தேய்த்து எடுக்க வேண்டும். கம்பி பிரஷ் பலகையைக் கிழித்துவிடும். தூள் கிளம்பும், முகக்கவசம் கட்டாயம். கண்ணாடி இழைப் பலகையாக இருந்தால் கையுறையும் வேண்டும், இல்லாவிட்டால் அன்றிரவு முழுக்க அரிப்புத்தான். கையால் தடவினால் தூள் வராத நிலை வரும்வரை தேய்க்க வேண்டும். அவசரக்காரர்கள் வெட்டிக் குறைப்பது இந்த ஒரு கட்டத்தைத்தான். கூரை மறுபடி இறங்குவதும் இதனால்தான்.

பிறகு துணி. இங்கே ராஜபாளையம் பக்கத்து வாசகருக்கு ஒரு வசதி உண்டு. பாவும் ஊடையும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கைத்தறிச் சேலை நெய்கிறார்கள். இவையெல்லாம் நெய்த துணி: பாவு நேராக, ஊடை குறுக்காக, மூலைவாட்டில் இழுத்தால் கொஞ்சம் கொடுக்கும், நேராக இழுத்தால் கொடுக்காது. கூரைப் பலகையில் விளக்குக்கும் கைப்பிடிக்கும் குழிகள் உண்டு. நெய்த துணியை அங்கே அமுக்கினால் சுருக்கம் விழும். சுருக்கம் விழாமல் இழுத்தால் ஒட்டு விடும். வேண்டியது திருப்பூர் பனியன்போலப் பின்னிய துணி, கண்ணிகள் எல்லாப் பக்கமும் விரிந்து கொடுக்கும். கூடவே முதுகில் நுரை ஒட்டியதாக இருக்க வேண்டும். நுரை இல்லாத துணியில் பசை ஊறி வெளியே கறையாகும். பலகையின் ஒவ்வொரு கீறலும் தெரியும். சீட் கவர் கடைகளில் ரூஃப் லைனிங் துணி என்று கேட்டால் நுரையோடு கிடைக்கும். மீண்டும் நுரையா என்று கேட்கலாம். இன்னொரு பத்து, பதினைந்து வருடத்துக்கு அது போதும். முடிந்தால் ஈதர் வகை நுரை என்று கேட்டு வாங்குவது நல்லது. அது ஈரத்தைத் தாங்கும். அதற்கு வெளிச்சமும் ஆக்சிஜனும் பகை என்றாலும், துணிக்குப் பின்னால் வெளிச்சம் குறைவு.

மரவேலைக்கான வெள்ளைப் பசை இங்கே உதவாது. அதில் உள்ள பாலிவினைல் அசிடேட் 30 முதல் 40 டிகிரியிலேயே கண்ணாடித் தன்மையை இழந்து இளகத் தொடங்கும் பொருள். சித்திரை வெயிலில் கார் கூரை அதை எளிதாகத் தாண்டும். வேண்டியது செயற்கை ரப்பர் பசை, ஃபெவிகால் எஸ்ஆர் 998 போன்ற வகை. இந்த வகைப் பசைகளில் புகழ்பெற்ற நியோபிரீன் ரப்பர், 1930-இல் அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வகத்தில், பின்னாளில் நைலானைத் தந்த வாலஸ் கரோதர்ஸின் குழுவில் பிறந்தது. ஸ்ப்ரே டின்னில் வாங்கினால் அதில் அச்சிட்டிருக்கும் வெப்ப எல்லையைப் படித்துப் பார்க்க வேண்டும். 80 டிகிரிக்குக் குறைந்தது கூரைக்கு ஆகாது. பலகையிலும் துணியின் முதுகிலும், இரண்டிலும் மெல்லிசாகப் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, பிறகே சேர்க்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் கரைப்பான் உள்ளே சிக்கி நுரையை அரிக்கும். துணியைப் பாதி மடித்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். ஓரத்தில் மூன்று விரல்கடை விட்டு வெட்டி, பலகையின் பின்பக்கம் மடித்து ஒட்ட வேண்டும். ஒரு நாள் முழுக்கக் காயட்டும்.

மழைக்காலத்தில் இந்த வேலையைத் தள்ளிப் போடுவதே புத்திசாலித்தனம். கரைப்பான் ஆவியாகும்போது பசைப்பரப்பு குளிரும், காற்றில் ஈரம் நிறைய இருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் கண்ணுக்குத் தெரியாத பனி படியும், ஒட்டு பிடிக்காது. சித்திரை நண்பகலிலோ துணியைக் கொண்டுவருவதற்குள் பசை காய்ந்துவிடும். தை, மாசி மாதங்களில், பனி விலகிய காலை நேரம் சரியாக இருக்கும். நல்ல காற்றோட்டம் வேண்டும், பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. அந்தக் கரைப்பானின் ஆவி சட்டென்று பற்றும்.

தீயைப் பற்றி இன்னொன்று. கார் உள்ளே போடும் துணி எவ்வளவு வேகமாக எரியலாம் என்பதற்கு வரம்பு உண்டு. அமெரிக்காவில் 1972-இல் நடைமுறைக்கு வந்த விதி நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் தீ பரவக் கூடாது என்றது. இந்தியாவுக்கு ஐ.எஸ். 15061 என்ற தரநிலை இருக்கிறது. திரைச்சீலைக் கடையில் மலிவாகக் கிடைத்தது என்று ஏதோ ஒரு துணியைத் தலைக்கு மேல் ஒட்டுவது இதனால்தான் தவறு. அதைவிடப் பெரிய எச்சரிக்கை திரைக் காற்றுப்பை உள்ள கார்களுக்கு. 1998-இல் வால்வோ அறிமுகப்படுத்திய இந்தப் பை, கதவுகளுக்கு மேலே கூரை ஓரத்தில் சுருண்டு கிடக்கும். பக்கவாட்டில் மோதினால் கூரைப் பலகையின் ஓரத்தைத் தள்ளிக்கொண்டு கண்ணிமைக்கும் நேரத்தில் கீழே விரியும். அந்த ஓரத்தில் ஆணி, ஸ்டேப்ளர், குண்டூசி எதுவும் இருக்கக் கூடாது. தூண் மூடிகளைக் கழற்றுவதையும் அது தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிட வேண்டும்.

கடையில் கொடுத்துச் செய்பவர்கள் துணியின் நிறத்தைத் தேர்வு செய்வதோடு வீடு திரும்பிவிட வேண்டாம். பசை பூசுவதற்கு முன் பலகையைக் காட்டச் சொல்லுங்கள். கையால் தடவிப் பாருங்கள். தூள் வந்தால், இன்னொரு முறை தேய்த்துத் தாருங்கள் அண்ணே என்று கேளுங்கள். அதற்கு அரை நாள் கூலி கூடுதலாக ஆனாலும் கொடுங்கள்.